பொட்டு வைத்த லேப்டாப்

இணையதளம் பழுதுபார்க்கும் தொழிலில், வாடிக்கையாளர் "நான் ஒண்ணும் தொடவே இல்ல" என்றால் நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "எதைத் தொட்டீங்க?" இதே பிழைப்பில் கிடந்து உழலும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து எட்டு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போது குரலில் கொஞ்சம் அதிகாரமும் இருக்கும். போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரே வாரத்தில் அந்த அதிகாரம் என்ன ஆனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஆயுதபூசைக்கு மறுநாள்

என் வாடிக்கையாளர் கலா அக்கா, பக்கத்து ஊர் தம்போயில் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்பவர். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும் சிங்கப்பூர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். தீபாவளி ஆர்டர் கிடைத்தால் வண்டி ஓடும். கிடைக்காவிட்டால் மறுபடியும் விடிகாலை பஸ் பிடித்துப் பாலம் தாண்ட வேண்டும், வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆயுதபூசைக்கு மறுநாள் காலையில் எனக்குப் போன் போட்டார். அவருடைய இணையப் பக்கத்தைத் திருத்துவதற்கு நான் போட்டுக் கொடுத்த பேஜ் பில்டர் திறக்கவில்லையாம். சாம்பல் நிறத் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலோ போன வருடம் போட்ட "இவ்வருட ஆர்டர் முடிந்தது, நன்றி" அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்தப் பக்கத்தின் முகவரியைத்தான் அக்கா ஒட்டியிருந்தார். பழைய வாடிக்கையாளர்கள் அங்கே வந்து, நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

"எதைத் தொட்டீங்க?" என்றேன். ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் துருவினேன். முறுக்கு அச்சு, கிரைண்டர், அடுப்பு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தாராம். லேப்டாப்பும் தொழில் செய்யும் ஆயுதம்தானே, அதையும் துடைத்துச் சந்தனம் வைத்தாராம். அதோடு விட்டாரா?

"உள்ள பாத்தா செவப்பா பதினாலுன்னு ஒரு நம்பர் நிக்கிது மா. பூச அன்னிக்கு அழுக்கோட விடக்கூடாதுன்னு, நல்ல நேரம் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் டிக் பண்ணி அப்டேட் அமுக்கிட்டேன்."

நிபுணரின் யோசனை

பதினாலு அப்டேட்டில் எது குற்றவாளி? வழக்கமான வைத்தியம் எல்லாம் பார்த்தேன். பிரவுசரை மாற்றினேன், அது சேர்த்து வைத்திருந்த பழைய கேஷைத் துடைத்தேன், துணைச் செயலிகளை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி போட்டேன். வட்டம் மட்டும் நிற்கவில்லை. பழைய நிலைக்குத் திருப்பலாம் என்றால், பேக்கப் பாதியிலேயே நின்று போயிருந்தது. "ஆர்டர் முடிந்தது" என்ற அந்த ஒரு வரியை வேறு வழியில் அழிக்கலாம். ஆனால் ஆர்டர் படிவத்தைப் போட பில்டர் திறந்தாக வேண்டும்.

கடைசியில் தளத்துக்கு இடம் கொடுக்கும் கம்பெனியைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தபின் ஒரு தமிழர் வந்தார். நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"மேடம், எல்லாத்தையும் ஒருக்கா அப்டேட் பண்ணிப் பாருங்களேன்."

மூவார் பாய்

அதே வாரம் மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் கூப்பிட்டார். அவர் பக்கத்திலும் அதே வட்டம். அவர் நிஜமாகவே ஒன்றையும் தொடவில்லை, நாலு வருடமாக! சர்வர் புதிதாகிவிட்டது, பாயின் பில்டர் கிழமாகவே இருந்துவிட்டது. அப்டேட் செய்யாததுதான் கோளாறு என்றேன். கூடவே, தம்போயில் ஒரு அக்கா அப்டேட் செய்து மாட்டிக்கொண்ட கதையையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அலமாக்! அமுக்குனாலும் படுத்துக்குது, அமுக்காட்டியும் படுத்துக்குது. அப்ப நாங்க என்னதான் செய்றது லா, தங்கச்சி?"

ஐந்தாம் நாள்

இதற்கிடையில் கலா அக்கா தினமும் போன் செய்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பூசை போட்ட கையோடு இப்படி ஆனது நல்ல சகுனமில்லை, பேசாமல் பழைய வேலைக்கே போய்விடு என்று கணவர் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். "அவசரப்பட்டுட்டீங்க அக்கா" என்று நானும் என் பங்குக்கு உபதேசம் செய்தேன்.

ஐந்தாம் நாள், பாயின் பில்டர் உரிமத்தைப் புதுப்பிக்க என் கணக்கைத் திறந்தேன். பட்டியலில் கலா அக்காவின் பெயருக்கு நேரே "காலாவதி" என்று இருந்தது. வருடா வருடம் அதைப் புதுப்பிப்பது என் பொறுப்பு. மறந்துவிட்டேன். பில்டருக்கு இரண்டு பாகம். அக்கா அமுக்கியதும் ஒன்று புதிதானது. உரிமம் இல்லாததால் மற்றொன்று பழையதாகவே நின்றுவிட்டது. இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வட்டம் சுற்றியது. புதுப்பித்தேன், இரண்டாவதையும் அப்டேட் செய்தேன், பில்டர் திறந்தது. கால் மணி நேர வேலை. அதற்கு அந்த வீட்டில் ஐந்து நாள் தூக்கம் போயிருக்கிறது.

சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. படிவத்தைப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் பூச போட்டதுல தப்பில்லதானே மா? அது போதும், அவர்கிட்ட சொல்லிக்கிறேன். இந்தா, முதல் ஆர்டர் வந்திருச்சி, வை போன!"

"நான் ஒன்றும் தொடவே இல்லை" என்று அந்த வாரம் பொய்யில்லாமல் சொல்லியிருக்கக் கூடியவர்கள் இரண்டே பேர்தான்: ஒருவர் மூவார் பாய், இன்னொருத்தி, தொட வேண்டிய உரிமத்தைத் தொடாத நான்.