செருப்பில்லாம ஓட்டின வண்டி

எங்க தெருமுனை மெக்கானிக்குக்கு ‘எக்ஸ்பிரஸ்’னு பேரு வச்சதே நான்தான். ஒரு நட்டைக் கழட்டுறதுக்குள்ள ரெண்டு டீ ஆறிப்போயிடும், அப்படி ஒரு வேகம். பொண்டாட்டி, பிள்ளைன்னு யாரும் இல்ல. முப்பது வருஷமா அந்தத் தகரக் கொட்டகைதான் எல்லாம். இன்னிக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு.

என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன பழைய வேன்லதான் மாப்பிள்ளை லாட்ஜுங்களுக்கு வெளுத்த துணி கொண்டுபோறாரு. மூணு மாசமா கிளட்ச் மிதி தொபுக்குன்னு தரைக்குப் போயிடும், கியர் விழாது. பெரிய ஒர்க்‌ஷாப்ல அடியில படுத்துப் பார்த்தாங்க, ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. “கியர் பாக்ஸை இறக்கணும்”னாங்க. அந்தச் செலவுக்கு வண்டியே பெறாது. நேத்து சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துட்டுப் போறதா இருந்துச்சு. வண்டி போனா பொழப்பும் போச்சு. மக காலையிலேர்ந்து மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தா. பொறுக்காம எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டேன்.

வந்தவரு கிளட்ச் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தாரு. “ஆயில் குறையுது. கீழயும் ஒழுகல. அப்ப எங்க போகுது?” டிரைவர் பக்கம் தலையை விட்டு, மிதிக்குப் பின்னால தடவி, விரலை மோந்தாரு.

“அக்கா, காலடியில விரிச்சிருக்கிற இந்த மேட்டை யாரு கழுவுறது?”

“நான்தான், வாரா வாரம். ஒரே பிசுக்கு. மாப்பிள்ளை செருப்போட ஏறி நாசம் பண்றாருன்னு வெறுங்கால்ல ஓட்டச் சொல்லியிருக்கேன்.”

“செருப்பு என்னக்கா பாவம் பண்ணுச்சு? மிதிக்கு மேல இருக்கிற கிளட்ச் சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சு, ஆயில் மிதிக்கம்பி வழியா உள்ள வழியுது. நீங்க சாட்சியை சோப்புப் போட்டு அலசிட்டீங்க.”



ரப்பரை மாத்திட்டு, ஆயில் குழாய்ல இருக்கிற காத்தை எடுக்கணும், மிதிக்க ஒரு கால் வேணும்னாரு. மாப்பிள்ளை கைவண்டில துணி கொண்டுபோயிருந்தாரு. நானே ஏறினேன். என் வீட்டுக்காரர் சீட்ல நான் உட்கார்ந்தது அதான் மொத தடவை.

“மிதிங்க... பிடிங்க... விடுங்க.”

முப்பது தடவையாவது இருக்கும், முட்டி கழண்டுபோச்சு. திடீர்னு மிதி என் காலை எதிர்த்துத் தள்ளுச்சு. “வந்துடுச்சுய்யா!”ன்னு கத்திட்டேன்.

இரும்புக்காரனை வாசலோட திருப்பி அனுப்பினேன். மாப்பிள்ளை வந்தவரு, பழக்கதோஷத்துல செருப்பைக் கழட்டிட்டு ஏறப் போனாரு.

“தப்பு என்மேலதான். செருப்போடயே ஏறுங்க மாப்பிள்ளை.”

அவரு எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பி, “அத்தைக்குக் காய்ச்சலா?”ன்னாரு.

“அதுக்கு வேற மெக்கானிக்கைப் பாருங்க”ன்னுட்டு, அந்த ஆமை ஆறிப்போன டீயைக் குடிச்சுது. மாப்பிள்ளை ஏறி மிதிச்சாரு, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு.