மாதையன் வைத்த வளைவு

கடத்தூர் பிளம்பர் மாதையன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நம் பகுதிக் கொத்தனார்கள், பிளம்பர்கள், வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இருக்கும் அந்தக் குழு உங்களுக்கும் தெரிந்ததுதான். வத்தல்மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் உயிர் போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். 'அருமையான தொழிலாளி, ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று இன்னொருவர் போட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இதே குழுவில் 'இந்த ஆளை யாரும் வேலைக்குக் கூப்பிடாதீர்கள்' என்று எழுதியவரும் அவர்தான். போனைச் சுவரில் விட்டெறியலாமா என்று வந்தது. செத்தவரைப் புகழத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருந்தவருக்கு ஒரு நியாயம் சொல்ல நாக்கு எழவில்லை. நமக்கு என்று சொல்லும்போது முதலில் என்னைத்தான் சொல்கிறேன்.

நான் வீட்டுக்கு பிளான் போட்டு, கட்டி முடிக்கும்வரை கூட நிற்கிறவன். பதினைந்து வருடம் நாங்கள் இருவரும் ஒரே சைட்டுகளில் வேலை பார்த்தோம். மாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டி வைக்கிற பழக்கம் இங்கே வந்த புதிதில், வெந்நீர்க் குழாயை நடுவில் 'ப' மாதிரி வளைத்துக் கொண்டுபோனார். "நேரா போக வேண்டிய பைப்பை எதுக்கு மாதையா ஊர் சுத்த வைக்கறே?" என்று கேட்டுச் சிரித்தேன். மறுநாள் காலையில் அவர், குழாய் குளிர்ந்திருக்கும்போது, அது திரும்புகிற மூலைக்கு நேராகக் கைப்பிடிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மத்தியானம் வெந்நீரைத் திறந்துவிட்டுப் பார்த்தால், நாற்பதடிக் குழாயின் மூலை அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்துக்கு மேல் போயிருந்தது.

"விருந்துக்கு உக்கார்ற ஆளு அரைஞாண் கயித்த லூசா உட்டுக்கறதில்லீங்களா? இதுவும் அப்படித்தானுங்க. எடம் குடுக்கலீன்னா எங்கியாச்சும் அறுத்துக்கும்" என்றார்.

அவரை சாது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வாய் பொல்லாதது. வெந்நீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில், அது நகர வசதியாகப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதற்குள் விடுவார். ஒரு கொத்தனார் அந்த இடைவெளியில் அழகாகச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார். மாதையன் ஈரச் சிமெண்டை விரலாலேயே நோண்டி எடுத்தபடி, "சந்து கண்டா பூசீருவியா? உன் மூக்குல கூடத்தான் ரெண்டு ஓட்ட இருக்குது, அதயும் பூசிக்க!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப்பையும் யாரும் இறுக்கக் கூடாது. "கிளாம்ப்பு தாங்கறதுக்குங்க, புடிச்சு வெக்கறதுக்கில்லீங்க" என்பார்.

இனி, அவர் பேரைக் கெடுத்த அந்த வீட்டு விஷயம். பிளான் என்னுடையது, குழாய் வேலை அவருடையது. வீட்டுக்காரரின் பெயரை எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பந்தி. மாதையன் அப்போது வத்தல்மலையில் ஒரு வேலையில் இருந்தார். "சார், பந்தி போடறாங்களாம். அந்த வளைவ மட்டும் யாரையும் தொட உடாதீங்க" என்று எனக்கு போன் செய்தார். சரி என்றேன். முந்தைய நாள் வீட்டுக்காரரின் மச்சான் வந்தார். பந்தி வரிசைக்கு வளைவு இடைஞ்சல், பரிமாறுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள், எடுத்துவிட்டு நேராக்கிவிடலாமா என்று கேட்டார். அவர் தன் வீட்டுக்கும் என்னிடம் பிளான் கேட்டிருந்த நேரம். "எடுத்துக்கங்க" என்றேன். வேறு ஓர் ஆளை வைத்து வளைவை வெட்டி, குழாயை நேராக்கி, கிளாம்ப்பை இறுக்கி, சுவர் இடைவெளியையும் பூசிவிட்டார்கள். பந்தி சிறப்பாக நடந்தது. நானும் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

மார்கழியில், விடிகாலைக் குளிரில் சுருங்கியும் பகல் வெந்நீரில் நீண்டும் குழாய் இழுபட்டு, சமையலறைச் சுவரில் அது திரும்பும் இடத்து எல்போ வெடித்தது. வெந்நீர் பீறிட்டு வீட்டுக்காரரின் மனைவிக்கு முன்கை வெந்துபோனது. அன்றைக்கே உடைந்த எல்போவின் படமும் மாதையனின் படமும் குழுவில் வந்தன, 'யாரும் கூப்பிடாதீர்கள்' என்ற அந்த வரியோடு.

மாதையன் நேராக என் ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்த அந்த குரூப்புல போட்டுருங்க."

"கொஞ்சம் ஆறட்டும் மாதையா, பார்க்கலாம்."

"ஆறுனா பைப்பு சுருங்கும், சூடானா திரும்ப நீளுமுங்க. சுருங்குன பேரு அப்படி நீளாதுங்க சார்."

நான் போடவில்லை. அந்த மச்சானின் வீடு முடியட்டும் என்று இருந்தேன். நீங்களும் சும்மா இருந்தீர்கள். அவர் வேலையைப் பத்துப் பதினைந்து வருடம் கண்ணால் பார்த்தவர்கள், ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு கட்டினீர்கள். கடத்தூரில் அவரைக் கூப்பிட ஆள் இல்லாமல் போனது. ஐம்பது வயதுக்கு மேல், கருவிப் பையைச் சுமந்துகொண்டு தினமும் மலைக்கு பஸ் ஏறினார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் எழுத அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது.

காரியத்தன்று அவர் மனைவி பழனியம்மாளிடம், அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நல்ல மனுசன் கில்ல மனுசன்னு எழுதாதீங்க சார். அந்தம்மா கை வெந்தது அவரால இல்லீன்னு எழுதுங்க. அது போதும்."

எழுதுகிறேன். அது மாதையனால் இல்லை. வளைவை எடுக்கச் சொன்னவன் நான். எடுக்கக் கூடாது என்று தெரிந்தே சொன்னவன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். என் ஆபீசுக்கு வந்துபோன பிறகு எத்தனையோ காலைகளில் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்திருக்கிறார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை. சட்டையைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "சாப்டீங்களா சார்?" என்றுதான் கேட்டார்.