திமெயோவும் மாமியும்

இலத்தீனில் 'திமெயோ' என்றால் அஞ்சுகிறேன். அதன் பின்னால் 'நே' வந்தால், ஒன்று நடந்துவிடுமோ என்ற பயம். 'உத்' வந்தால், நடக்காமற் போய்விடுமோ என்ற பயம். மற்ற இடங்களில் 'நே' மறுக்கிற சொல் என்பதால் நான் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். கல்முனையில் எங்களுக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரி என் கொப்பியில் பக்கம் முழுவதும் சிவப்பு மையால் கோடிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உம்மாவுக்குக் காட்டினாலும் விளங்கியிராது. ஆனாலும் கொப்பியை மறைத்துத்தான் கொண்டுவந்தேன்.

நிந்தவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், வாப்பாவின் தங்கை, என் மாமி, தொதல் இனிப்புத் தட்டோடு உம்மாவுக்கு முன்னால் இருந்தாள். அவளுடைய மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். கலியாணம் நான் பள்ளிக்கூடச் சோதனை எழுதி முடித்த பிறகு என்பது பேச்சு.

"இவள்ட சோதினைய நினைச்சா எனக்குப் பயமாயிரிக்கி மதினி. புள்ள எலும்பும் தோலுமாப் போயிட்டா. கலியாணத்த முன்னுக்கு வைப்பமே. சோதினை என்னத்துக்கு?"

எண்ணெய் வழியும் விரல்களால் ஒரு துண்டை என் வாயில் திணித்தாள். உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, மாமிக்கு உன்னில எவ்வளவு இரக்கம்" என்றாள். சம்மதமாகத் தலையாட்டவும் தொடங்கிவிட்டாள்.

தொதல் பல்லில் ஒட்டிக்கொண்டது. மாமி சொன்னதில் நேயும் இல்லை, உத்தும் இல்லை. எது நடந்தால் பயம் என்று சொல்லாமலே பயந்துகொண்டிருந்தாள். எனக்காக உருகுவதுபோல் என் படிப்பை நிறுத்த வந்திருந்தாள்.

பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

"மாமி, நான் பாஸாகிருவன் எண்டு பயமா, பாஸாக மாட்டன் எண்டு பயமா?"

"இதென்ன கேள்வி புள்ள?"

"ரெண்டில ஒண்டச் சொல்லுங்க."

"ஓம், பாஸாகினா நீ என்ட மகன மதிப்பியா? எட்டாம் வகுப்போட நிண்டவனுக்குச் சோறு போடுவியா? இங்கிலீசில ஏசுவாய்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மா தட்டை மூடி அவள் பக்கம் தள்ளினாள்.

"சோதினை முடியட்டும். பிறகு கதைப்பம்."

மாமி போனதும் கொப்பியை எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே 'நே' வைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். எழுவாய் மாமி; பயம், நான் பாஸாகிவிடுவேனோ என்பது. பிழை வரவில்லை. மூன்று தரம் வாய் கொப்பளித்தும் நாக்கில் அந்த எண்ணெய் மட்டும் போகவில்லை.