‘யெஸ்’ சொல்லக் கூடாத இருபது நிமிடங்கள்

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குப் படிப்பது சம்பளமில்லாத இன்னொரு வேலை. அதில் லீவும் கிடையாது. ஃப்ரீமான்ட்டில் நான்கு மாதம் அந்த வேலையைப் பார்த்தவன் என்ற தகுதியில், வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவையில் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தங்கை பார்த்துக்கொள்கிறாள், எத்தனை நாளைக்கு அவளால் முடியும்? நான் போய் ஒன்றரை வருஷமாவது கூட இருக்க வேண்டும். கிரீன் கார்டோடு அவ்வளவு நாள் ஊரில் தங்கினால் திரும்பி வருவது சிக்கல். ஆகவே, கோவையில் நிம்மதியாக இருக்க நான் அமெரிக்கனாக வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட்டும் பீரோவும்

விண்ணப்பத்தில், கடந்த ஐந்து வருஷத்தில் எப்போதெல்லாம் நாட்டை விட்டுப் போனேன் என்று தேதிவாரியாக எழுத வேண்டும். என் பாஸ்போர்ட்டில் முத்திரை மேல் முத்திரை விழுந்து எல்லாம் கல்வெட்டு மாதிரி ஆகியிருந்தது. பூதக்கண்ணாடியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன்.

மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “அது ஜூன் மாசமுங்க. உங்க தங்கச்சி பையன் காதுகுத்து. நான் மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன்” என்றாள். விமான டிக்கெட்டைத் தேடி எடுத்துச் சரிபார்த்தேன். ஜூன்தான். மீதிப் பயணங்களையும் அவளே சொன்னாள், புடவை வாரியாக. “ஏனுங்க, நீங்க பாஸ்போர்ட்டப் பாக்கறீங்க, நான் பீரோவப் பாக்கறேன். அவ்வளவுதான்.”

ஒன்றுக்கு ஐந்து

பிளசன்டனில் இருக்கும் நண்பர் முருகேசன் போன வருஷமே தேறிவிட்டவர். லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசையில் நிற்கும்போது என்னைச் சோதித்தார். நேர்காணலில் வரும் கேள்விதான்: அந்தக் காலத்தில் மக்கள் அமெரிக்காவில் குடியேறி வந்ததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். நான் ஐந்து சொன்னேன், நூற்றாண்டு வாரியாகப் பிரித்து. ஆறாவதை ஆரம்பிக்கும்போது கரண்டி என் தட்டுக்கு வந்துவிட்டது.

“சார், ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுங்க. அஞ்சு சொல்லி அதுல ஒண்ணு தப்பாப் போச்சுன்னா, அப்புறம் உங்கப்பாவ யாரு பாக்கறது?”

என் ஒப்புதல் வாக்குமூலம்

வீட்டில் நடந்த ஒத்திகையில் பதினாறு வயது மகள்தான் அதிகாரி. யாராவது பேசினால் தலையை ஆட்டி “யெஸ், யெஸ்” என்று கேட்டுக்கொள்வது என் பழக்கம். கவனிக்கிறேன் என்று அர்த்தம், வேறொன்றுமில்லை. அவள் விண்ணப்பத்தைப் பார்த்துக் கடுமையான குரலில் படித்தாள்: எந்த அரசாங்கத்தையாவது பலாத்காரமாகக் கவிழ்க்க முயன்றிருக்கிறீர்களா?

கேள்வி முடிவதற்குள் நான் மூன்று யெஸ் சொல்லியிருந்தேன். தலையும் ஆடியிருந்தது. மகள் பேனாவைக் கீழே வைத்தாள். “அப்பா, யூ ஜஸ்ட் கன்ஃபெஸ்டு.”

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ‘நோ’ பயிற்சி. காபி வேண்டுமா என்றால்கூட நோ.

கோவையிலிருந்து

நேர்காணலுக்கு முந்தின வாரம் அப்பா போனில் பேசினார். அதிகாரி என்ன கேட்பார், நான் எப்படித் தலையை அசைக்காமல் பதில் சொல்வேன் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “ஏப்பா, என்னையப் பாக்கறதுக்கு நீ அமெரிக்காக்காரன் ஆகோணுமாக்கும்?”

இருபது நிமிடங்கள்

அதிகாரி மூக்குக்கண்ணாடி அணிந்த, அமைதியான பெண்மணி. ஒன்று கேட்டபோது ஒன்றுதான் சொன்னேன். பிறகு அந்தக் கேள்விகள் வந்தன. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை இறுக்கி, நோ, நோ, நோ என்று வரிசையாகத் தாண்டினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அடுத்ததாக, அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரிக்கிறீர்களா என்றார்.

“நோ” என்றேன்.

அவர் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோவையில் அப்பாவின் கட்டில் என் கண்முன் வந்து போனது. அதிகாரி அதே கேள்வியை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, மறுபடி கேட்டார். அவர் முடிப்பதற்குள் நான்கு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது: யெஸ், யெஸ், யெஸ், யெஸ். தலையும் தன் பங்குக்கு ஆடித் தீர்த்தது. அவர் சிரித்துவிட்டார். தேறிவிட்டேன் என்று தாளில் குறித்து என் பக்கம் நகர்த்தினார். “ஒன் யெஸ் இஸ் இனஃப், சார்.”

சத்தியப்பிரமாணமும் முடிந்து அமெரிக்கனாகிவிட்டதால், இப்போது அப்பாவைப் பார்க்கப் போக இந்திய அரசிடம் அனுமதி கேட்டு இன்னொரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஆம், இல்லை என்று கட்டங்கள் உண்டு, ஆனால் இந்த முறை நான் தலையாட்டினால் பார்க்க எதிரே யாரும் இல்லை.