கணக்கில் சேராத காபி

அர்கிரிஸ் ஒரு ஜெர்மன்காரருக்கு நானூறு யூரோ கடன்பட்டிருந்தார். கிரேக்க நாடே ஜெர்மனிக்குக் கடனாளி என்று தொலைக்காட்சி தினமும் கத்திக்கொண்டிருந்த கோடை அது. ஒருவனுக்கும் தலைகுனியாத மனிதருக்கு இதைவிடக் கேவலம் வேண்டியதில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். எவன் சிபாரிசும் இல்லாமல், சொந்தக் கையால் எழுப்பிய படகுப் பட்டறை அவருடையது. அந்தக் கரையில் அவர் பிரித்துப் பூட்டாத டீசல் என்ஜின் கிடையாது. ஆனால் அரசாங்கம் வங்கிகளை இழுத்துப் பூட்டி, ஒரு நாளைக்கு அறுபது யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது என்று சொன்ன வாரத்தில், வோலோஸ் நகரத்துக் கடைக்காரன் உதிரிபாகத்துக்கு மொத்தமும் ரொக்கமாகக் கேட்டான். பாகம் வராவிட்டால் மீனவன் ஃபோதிஸின் படகு கரையிலேயே கிடக்கும். கோடைதோறும் பாய்மரப் படகில் வந்து தங்கும் ஹார்ட்முட்தான், அந்தக் கட்டுப்பாடு இல்லாத தன் ஊர் வங்கி அட்டையைப் போட்டுப் பணம் எடுத்து நீட்டினார்.

படகு கடலுக்குப் போனது. ஃபோதிஸின் நாக்கு அடங்கவில்லை.

“என்ன மேஸ்திரி, ஜெர்மன்காரன் பட்டறையை எழுதி வாங்கிட்டானாமே?” என்று காபிக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

“உன் படகுக்குத்தானேடா வாங்கினேன், நன்றிகெட்டவனே! அந்த வேலைக்குக் கூலிய நீ எப்பக் குடுப்பே?”

“நான் நம்ம ஊர்க்காரன், மெதுவாத்தான் குடுப்பேன். அவனுங்க அப்படியா? எட்டு மணிக்கு வரேன்னா, முன்னாடியே வந்து மணி அடிக்கிற வரைக்கும் வாசல்ல நடப்பானுங்க.”

கடைக்காரி திமித்ரூலா தட்டோடு நின்றாள். “பொண்டாட்டியோட சாப்பிட வந்தாலும் பில்லை ரெண்டாப் போடுன்னு கேக்குற ஜாதியாச்சே!”

அர்கிரிஸும் சிரித்தார். ஆனால் உள்ளே ஒன்று குத்தியது. ஹார்ட்முட் ஊருக்குப் போய், ‘கிரேக்கன் வாங்கினால் திருப்பித் தரமாட்டான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? சிகரெட்டை விட்டார். வந்த கூலியில் மிச்சம் பிடித்துப் புகையிலை டப்பாவில் போட்டு வைத்தார். ஆனாலும் தினமும் காலையில் ஹார்ட்முட்டுக்குக் காபி வாங்கிக் கொடுப்பதை மட்டும் விடவில்லை. அந்த ஊரில் முதலில் வந்து உட்கார்ந்தவன்தான் வாங்கித் தரவேண்டும். முதலில் வருபவர் எப்போதும் அர்கிரிஸ்தான். ஹார்ட்முட் சில்லறையை எடுப்பார், அர்கிரிஸ் கையைத் தட்டிவிடுவார்.

இலையுதிர் காலம் தொடங்கியதும் ஹார்ட்முட் காபிக்கடைக்கு விடைபெற வந்தார். அர்கிரிஸ் டப்பாவை மேசையில் ஓங்கி வைத்தார்.

“நானூறு. எடுத்துக்கோ.”

“முந்நூற்று முப்பது போதும், அர்கிரிஸ் அவர்களே,” என்றார் ஹார்ட்முட். வகுப்பில் படித்த சுத்தமான கிரேக்கம். “நீங்கள் எனக்கு வாங்கித் தந்த காபிகளைக் கழித்துவிட்டேன்.”

அர்கிரிஸ் எழுந்தார்.

“என் காபிக்கா விலை போட்டே?”

“கோபிக்காதீர்கள். என்மீதும் கடன் இருக்கிறதல்லவா?”

“கடனா? பக்கத்துல உக்காந்து குடிச்சது எப்படிய்யா கடனாகும்?”

ஹார்ட்முட்டின் காது சிவந்தது. “எங்கள் ஊரில் உங்கள் ஆட்களைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்கள். ‘கோடை முழுவதும் நான்தான் அவரிடம் வாங்கிக் குடித்தேன், எண்ணிப் பார்த்துவிட்டேன்’ என்று அவர்களிடம் சொல்ல நினைத்தேன்.”

கஞ்சத்தனம் என்று கடையில் இருந்தவர்கள் நினைத்தது இதைத்தான். அர்கிரிஸ் மெல்ல உட்கார்ந்தார். குரல் மட்டும் இறங்கவில்லை.

“நல்லாச் சொல்லு. காபி வாங்கிக் குடுத்தான்னு சொல்லு. கடனையும் ஒரு காசு குறையாமத் திருப்பிட்டான்னு சொல்லு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காதே. கையை நீட்டுய்யா!”

“ஆனால்…”

“நீட்டு! திமித்ரூலா, இவருக்கு ஒரு காபி. என் கணக்குல.”

ஹார்ட்முட் கையை நீட்டினார். அர்கிரிஸ் கடை முழுக்கக் கேட்கும்படி, ஃபோதிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இருபது, நாற்பது, அறுபது என்று உரக்க எண்ணி, விரிந்த அந்தக் கையில் ஒவ்வொரு நோட்டாக நானூறு வரை வைத்தார்.