பதினாலாம் நம்பர் மாட்டின் ஒரு நிமிடம்

சந்திரம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆனேக்கல் தாண்டி இருக்கும் பால் பண்ணையில் முதலில் கையால் கறந்தாள். இப்போது மெஷினால் கறக்கிறாள். புருஷன் செத்த நான்காம் நாள் வேலைக்கு வந்து நின்றாள். மடி கனத்தால் மாடு கத்தும் என்றாள். அவ்வளவுதான்.

மடியைத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் நாலு பீச்சு பீச்சி, ஒரு நிமிடம் சும்மா நிற்பது அவள் வழக்கம். அதற்குள் பால் இறங்கிவிடும். பிறகுதான் மெஷினை மாட்டுவாள்.

மூன்று மாதத்துக்கு முன் சூப்பர்வைசராக வந்த ரகுராம் அதை நிறுத்தினான்.

"இருபத்தாறு மாடு. இருபத்தாறு நிமிஷம் வேஸ்ட்."

சொல்லிப் பார்த்தாள். பிறகு அவன் சொன்னபடியே மாட்டினாள். தான் பணிந்ததற்கும் சேர்த்துத்தான் அவளுக்குக் கோபம். பால் இறங்காத காம்பை மெஷின் வெறுமே இழுத்தது. காம்பு நுனிகள் சிவந்தன. மாடுகள் உதைத்தன.

சனிக்கிழமை காலை, கறவை பாதியில் இருக்கும்போது ரகுராம் போனைக் காட்டினான். பதினாலாம் நம்பர், நேற்று கறக்கப் பன்னிரண்டு நிமிடம், ஆறு லிட்டர்.

"ஸ்லோ மாடு. சந்தைக்கு அனுப்பணும். வெளிய வண்டி நிக்குது."

"மாடு ஸ்லோ இல்ல. நீங்கதான் அவசரம். டைம் பாருங்க."

பதினாலைக் கொண்டுவந்து நிறுத்தினாள். துடைத்தாள். பீச்சினாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் மெஷினை எடுத்து நீட்டினான்.

"கீழ வைங்க சார். சொரக்கட்டும்."

ஒரு நிமிடம் கழித்து மாட்டினாள். நின்றதையும் சேர்த்து ஐந்தரை நிமிடம். ஒன்பது லிட்டர்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சந்திரம்மா."

"மூணு மாசமா செவுத்துக்கிட்டயா சொன்னேன்?"

அவன் போனில் சந்தைக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து பதினாலை அழித்தான். கீழே தள்ளிப் பார்த்தான்.

"ஒரு மாடாவது போகணும்னு ஓனர் சொல்லிட்டாரு. அப்படின்னா அடுத்த ஸ்லோ இருபத்திரண்டு."

சந்திரம்மா அவனைப் பார்த்தாள். இன்னும் கறக்காமல் நின்ற இருபத்திரண்டை அவிழ்த்து வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். துடைத்தாள். பீச்சினாள். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மாடு மிரண்டு காலை மாற்றியது.

"போய் அவனை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். "மிரண்டா பாலை அடக்கிக்கும். எத்தனை தரம் அடிக்கிறானோ, அத்தனை தரம் மொதல்லேர்ந்து."

துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள்.