கரைவலையும் மரியமின் வீட்டு மொழியும்

ஸ்வீடனில் சிலர் 'ஆமாம்' என்பதற்குப் பதிலாகச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். தொண்ணூறுகளில் நான் வந்த புதிதில், தபால் அலுவலகப் பெண் அப்படி இழுத்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று பயந்து, கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்வீட்டு மரியம்தான் சிரித்துச் சிரித்து விளக்கினாள். அவளும் வெளியிலிருந்து வந்தவள். துருக்கியின் தென்கிழக்கு மலைக் கிராமத்துச் சுரியானிக் கிறிஸ்தவப் பெண். அவர்கள் வீட்டில் பேசுவது சுராய்த். இயேசு பேசிய அரமேயிக்கின் வழிவந்து இன்றும் உயிரோடிருக்கும் மொழிகளில் ஒன்று. தேவாலயத்தில் வாசிப்பதோ பழைய சுரியானி. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புரியாது.

மரியமும் சில நண்பர்களும் மத்தேயு சுவிசேஷத்தை சுராய்த்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் அந்த மொழியைக் கற்ற நான், மொழியியல் படித்தவள் என்பதால், குழுவில் சேர்ந்தேன். "அடுப்படிப் பேச்சில் வேதமா?" என்று அவர்கள் தேவாலயப் பாதிரியார் முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பு எனக்குப் பழக்கம்தான். கொக்கிலமேட்டு மீனவக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போன முதல் வாரம், நான் 'இன்னா' என்று கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் அது 'வூடு'. எழுத்தில் மட்டும்தான் வீடு.

கடலில் போட்ட வலையைக் கரைக்கு இழுத்து, நல்ல மீனைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிகிற உவமையில் வேலை நின்றுபோனது. மலைக்காரர்கள் அறிந்த வலை கௌதாரி பிடிப்பது. அந்தச் சொல்லைப் போட்டு மரியம் தன் அப்பா கப்ரியேலுக்கு வாசித்தாள். "கடலில் ஏது கௌதாரி?" என்றார் அவர். பாதிரியார் சொன்னது சரிதானோ என்று மரியம் கலங்கினாள்.

அந்தக் குளிர்கால விடுமுறைக்கு அவளை என் ஊருக்கு அழைத்துவந்தேன். அண்ணன் ஏழுமலையும் ஆட்களும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகில் போய் வலையை வளைத்து விட்டுவந்து, இரு முனைக் கயிறுகளையும் மணலில் நின்று இழுப்பது.

"இன்னாம்மா, வேடிக்க பாத்துகினு கீற? கவுத்த புடி!" என்று அண்ணன் கத்தினார். தன்னை விலகச் சொல்கிறார் என்று நினைத்து மரியம் பின்னால் போனாள். அவர் கயிற்றை அவள் கையிலேயே திணித்தார். அவளும் இழுத்தாள். வலை கரையேறியதும் எல்லாரும் உட்கார்ந்து பிரித்தார்கள். சங்கரா, காரப்பொடி மீன்கள் கூடைக்குப் போயின. தின்ன ஆகாத பேத்தை மீனை மணலில் வீசினார்கள்.

மரியம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சுராய்த்தில் உரக்கச் சொன்னாள்: "கடலில் விட்டுக் கரைக்கு இழுக்கிற பெரிய வலை!" இழுப்பதற்கு அவள் சொன்னது, அவள் ஊர்ப் பெண்கள் மலையிலிருந்து விறகுக்கட்டை இழுத்துவருவதற்குச் சொல்லும் சொல்.

"இன்னா சொல்லுது அது?" என்றார் அண்ணன்.

"வலைக்குப் பேரு கெடச்சிட்ச்சுண்ணே."

"நம்மகிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

புதிய நூற்றாண்டு பிறந்த பிறகு, சுவிசேஷம் முழுதும் முடிந்து, தேவாலயக் கூடத்தில் வாசிப்பு நடந்தது. மரியம் அந்த உவமையை வாசித்தாள். கப்ரியேல் எழுந்தார்.

"இத்தனை வருஷம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் கேட்கிறேன். மறுபடி வாசி."

மறுபடி வாசித்தாள். பாதிரியார் எழுந்து வந்து அவள் கையிலிருந்து தாள்களை வாங்கினார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வசனத்தை அதே அடுப்படி மொழியில் வாசித்தார். கைதட்டலில் ஜன்னல்கள் அதிர்ந்தன.

பிறகு விருந்து, மேளம், கைகோத்து ஆடும் வரிசை. கடைசி ஆளாக என்னையும் இழுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். "அப்போ நம்ம கடலு அவுங்க வேதத்துல கீதா?" என்று கத்தினார். ஒரு கையை மரியம் விடாமல் பிடித்து ஆடிக்கொண்டிருக்க, இன்னொரு கை காதோடு வைத்திருந்த போனில் கொக்கிலமேட்டு அலை அடித்துக்கொண்டிருந்தது. என் கால்கள் எந்தத் தாளத்துக்கு ஆடின என்று எனக்கே தெரியவில்லை.